நூறு கிராம் மயில்கழுத்து

இந்த வீட்டு வளவுக்குள் இனிமேல் கண்ணளவு, கையளவு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று முனாப் அறிவித்தபோது அதைக் கேட்க மூன்று பேர் இருந்தார்கள். மனைவி லைலா, கராஜில் கூட வேலை செய்யும் அழகரெத்தினம், சைக்கிளில் மீன் கொண்டு வந்தவர். மூவரில் மீன்காரர் மட்டும்தான் பயந்தார். அவர் கொடுத்த ஒரு கிலோ சூரை அப்போது முனாபின் புது டிஜிட்டல் தராசில் படுத்திருந்தது.

"தொளாயிரத்து எண்பத்தாறு தசம் நாலு," என்று முனாப் உரத்து வாசித்தார். "மிச்சம் பதின்மூண்டு தசம் ஆறு கிராம் எங்க போன?"

"செதிலோட போயிரிக்கும் காக்கா," என்றார் மீன்காரர். அண்ணனை நம் ஊரில் காக்கா என்போம்.

"நீங்க போங்க தம்பி," என்றாள் லைலா. "இவருக்குத் தராசு வந்து பத்து நாள். அதுக்குள்ள சீனிய நிறுத்தாச்சு, தேயிலைய நிறுத்தாச்சு. நேத்து பூனக்குட்டியையும் நிறுத்தவரு."

"அளந்து செஞ்சா பிழைக்காது லைலா. நீ மீன் ஆணத்துக்கு உப்புப் போடுறதும் கையளவுதானே. ஒரு நாள் கடல், ஒரு நாள் குளம்."

"சட்டிய வழிச்சுத் திண்டு போட்டுத்தானே சொல்றீங்க."

முனாப் மீனைத் திருப்பிப் போட்டு மறுபடி நிறுத்தார். உண்மைக்கு அவர் எப்போதும் பதில் சொல்வதில்லை.

கல்முனையில் அவரைத் தெரியாத வாகனக்காரர் குறைவு. அடிபட்ட வாகனத்தை அழகரெத்தினம் தட்டி நிமிர்த்துவார், முனாப் பெயின்ட் அடிப்பார். இருபத்தாறு வருடமாக அவர் நிறம் கலந்தது கண்ணால்தான். கொஞ்சம் நீலம், கொஞ்சம் கறுப்பு, ஒரு கண்ணை மூடி ஒரு பார்வை, முடிந்தது. ஆனால் ஐம்பதைத் தாண்டியதும் அந்தக் கண் சேட்டை செய்யத் தொடங்கியது. ஒரு பள்ளிக்கூட வேனுக்குக் கதவு அடித்தார். கராஜ் நிழலில் அது அசல் கதவு. வெயிலுக்குப் போனதும் வேறொரு வேனில் இரவல் வாங்கி மாட்டியது போல் தெரிந்தது. பிள்ளைகள் அந்தக் கதவைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். மறு வாரமே கொழும்பிலிருந்து தராசு வந்துவிட்டது. ஒரு கிராமைப் பத்தாகப் பிரித்துக் காட்டுகிற தராசு.

வேறு எதிலும் முனாபுக்கு இவ்வளவு ரோசம் கிடையாது. நம் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையாகப் பெண் வீட்டுக்கு வந்தவர். வீடு லைலாவுடையது. வளவு லைலாவுடையது. வளவு மூலையில் கராஜ் நிற்கிற நிலமும் லைலாவுடையது. முனாபுக்கென்று முழுதாகச் சொந்தமாக இருந்தது தொழிலில் தனக்கு நிகர் தானே என்கிற பெருமை ஒன்றுதான். அதையும் போன வருடம் வாயால் அடகு வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். போன வருடம் லைலா புது ஸ்கூட்டி ஒன்று வாங்கினாள். மயில்கழுத்து நிறம். நேரே பார்த்தால் நீலம், சரிந்து பார்த்தால் பச்சை. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு முனாப் திருவாய் மலர்ந்தார்.

"நல்ல சாமான். ஒரு மாசத்தில என்ட கராஜுக்கு வரும்."

"ஏன் வரணும்?"

"பொம்புளைகள் ஓடினா கீறாம வருமா? அவங்க கேற்றில, தூணில, மதில்ல உரசுறதாலதான் இருபத்தஞ்சு வருசமா நம்மட அடுப்பு எரியிது."

"ஒரு கீறல் இல்லாம ஒரு வருசம் ஓடிக் காட்டினா?"

"காட்டினா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பகல் சோறு நான் ஆக்குறன். பந்தயம்!"

"பந்தயம் ஹறாம். வாக்கு எண்டு சொல்லுங்க."

"வாக்கு!"

"எத்தின வெள்ளிக்கு?"

"மௌத்தாகும் வரைக்கும்!" என்று சாவு வரைக்கும் வாக்குக் கொடுத்தார் முனாப். கேட்டது மனைவி என்பதை வீரத்தில் மறந்துபோனார்.

"ரெத்தினம் அண்ணன், நீங்க சாட்சி. அடுத்த வருசம் இதே திகதி மூணு பேருமா நிண்டு பாப்பம். ஒரு கீறல் இரிந்தா துறப்ப இவரிட்ட குடுத்திட்டு நான் பஸ்ஸில போறன். இல்லாட்டி அகப்பை இவர்ர கையில," என்று லைலா துறப்புச் சாவியை ஆட்டிக் காட்டினாள்.

அழகரெத்தினம் தலையாட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் முனாப் டோர்ச் லைட்டோடு ஸ்கூட்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். படுத்துப் பார்த்தார். ஒரு கீறல் கிடைக்கவில்லை. மாதங்கள் போகப் போக அவருக்குச் சோறு இறங்கவில்லை. கல்முனையில் இத்தனை மதில், இத்தனை மாடு, இத்தனை ஆட்டோ இருக்க, ஒன்றுகூடவா இவளில் உரசவில்லை என்று மனதுக்குள் ஊரையே திட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமையோடு வருடம் முடிகிறது. இந்த நேரத்தில் பொட்டுவிலில் படிப்பிக்கிற தங்கை றுக்ஸானாவுக்குக் காய்ச்சல் என்று லைலா வியாழக்கிழமை விடிய பஸ் ஏறினாள். ஸ்கூட்டியைச் சுவரோடு அணைத்து நிறுத்தி, துறப்பை ஆணியில் மாட்டிவிட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை முனாபுக்கு வேறு கரைச்சல் வந்தது. அவருடைய மோட்டார் சைக்கிள் துறப்பைக் காணவில்லை. சட்டைப் பையில் இல்லை. மெத்தைக்கு அடியில் இல்லை. தேடித் தேடியே டோர்ச் லைட் பரிசோதனைக்கு நேரம் இல்லாமல் போனது. ஜும்ஆவுக்குப் பாங்கும் சொல்லிவிட்டார்கள். நேரே ஆணியில் லைலாவின் துறப்பு தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தார். வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியுமாக மயில்கழுத்து ஸ்கூட்டியில் பள்ளிவாசலுக்குப் போய் இறங்கினார். பாதி ஊர் பார்த்தது. மீதி ஊர் கேள்விப்பட்டது.

திரும்பி வந்து கேற்றுக்குள் வளைக்கும்போது இடப்பக்கம் 'சர்ர்' என்று ஒரு சத்தம்.

முனாப் இறங்கினார். சுற்றி வந்து பார்த்தார். இடப்பக்கத் தகட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், அடி வெள்ளை தெரிய.

"யா அல்லாஹ்," என்று அப்படியே கேற்றடியில் குந்திவிட்டார்.

ஒரு வருடமாக ஒரு கீறலுக்கு ஏங்கிய மனிதருக்குக் கீறல் வந்திருக்கிறது, தன் கையாலேயே. இதை லைலாவின் தலையில் கட்டவும் வழியில்லை. அவர் அதை ஓட்டிப் போனதற்கு ஜும்ஆவுக்கு வந்த கூட்டமே சாட்சி. ஒப்புக்கொண்டாலோ, பெண்களைப் பற்றிப் பேசிய பேச்செல்லாம் திரும்பி வந்து அவர் முகத்தில் அடிக்கும். வருடம் முழுக்க லைலாவுக்கு விழாத கீறல், பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் இடையில் பெயின்டர் முனாபுக்கு விழுந்தது என்று மருதமுனை வரை கதை போகும். வெள்ளிக்கிழமைச் சோறாவது அடுப்படியோடு முடியும். இந்த மானக்கேடு முடியாது.

அவர் எழுந்தபோது முடிவும் எழுந்துவிட்டது. கீறல் இருந்த இடமே தெரியக்கூடாது. ஆண்டவன் தராசை முன்கூட்டியே அனுப்பி வைத்ததன் காரணம் இப்போது விளங்கியது.

சனிக்கிழமை அழகரெத்தினம் வந்ததும் முனாப் கராஜ் கதவைச் சாத்தினார்.

"ரெத்தினம், இது அமானிதம். ஒருத்தருக்கும் தெரியப்படா."

அழகரெத்தினம் கீறலைப் பார்த்தார். முனாபைப் பார்த்தார். மறுபடி கீறலைப் பார்த்தார். "ஆர் காக்கா செய்தது?"

"நான்தான்."

"நீங்களா?"

"கேற்றில உரசிட்டன். கண்ணால கலந்தா லைலா கண்டுபிடிச்சிருவாள். இந்த நிறம் ரெண்டு பக்கமும் பேசும். தராசுதான் சரி."

"அப்ப சரி," என்றார் அழகரெத்தினம். ஏனோ அவருக்கு இருமல் வந்தது.

இருக்கைக்கு அடியில் இருந்த நிற இலக்கத்தைக் கொடுத்து, பெயின்ட் கடையில் கலவைத் தாள் வாங்கியிருந்தார் முனாப். மொத்தம் நூறு கிராம். நீலம் 52.0. பச்சை 74.5. முத்துப் பொடி கலந்தது 96.2. வெள்ளை 98.8. கறுப்பு 100.0.

முனாப் தகரப் பேணியைத் தராசில் வைத்துப் பூச்சியம் ஆக்கினார். நீலத்தை ஊற்றினார், 52.0. பூச்சியம் ஆக்கினார். பச்சை, 74.5. பூச்சியம். ஒவ்வொன்றுக்கும் பிஸ்மி சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் அமர்த்தி, ஒரு தசம் பிசகாமல் ஊற்றிக்கொண்டே போனார். வெள்ளை ஊற்றும்போது பேணி நிரம்பிவிட்டது.

"காக்கா, நூறு கிராமுக்கு இவ்வளவு பெரிய பேணியா?"

"தராசு பொய் சொல்லாது ரெத்தினம். பெரிய பேணி ஒண்டு எடு."

கறுப்பையும் நூறு கிராம் ஊற்றிக் கலக்கி முடித்தபோது உள்ளே ஒரு நிறம் இருந்தது. மழைக்காலத்து வடிகானில் அந்த நிறத்தைப் பார்க்கலாம்.

"இது மயிலில்ல காக்கா. காகம்."

"காய்ஞ்சா மாறும்."

"காய்ஞ்சா காய்ஞ்ச காகம்." அழகரெத்தினம் தாளை எடுத்து விரலால் தொட்டு வாசித்தார். "இஞ்ச பாருங்க. இலக்கம் ஏறிக்கொண்டே போகுது. கடைசியில சரியா நூறில நிக்குது. இது ஒவ்வொண்டுக்கும் தனித்தனி நிறையில்ல. கூட்டிக்கொண்டு போற நிறை. அம்பத்திரண்டு நீலம் ஊத்தி, பூச்சியம் ஆக்காம, எழுபத்திநாலரை வரும் வரைக்கும் பச்சைய ஊத்தணும். பச்சை இருபத்திரெண்டரைதான். கறுப்பு ஒண்டு தசம் ரெண்டு. நீங்க நூறு ஊத்தியிருக்கீங்க."

முனாப் சற்று நேரம் தாளைப் பார்த்தார். பிறகு தராசைப் பார்த்தார். "தராசு சரியாத்தானே நிறுத்த," என்றார்.

"தராசு சரி காக்கா. நிறுத்த ஆள்தான்."

இரண்டாம் முறை பூச்சியம் அமர்த்துவது ஒரே தடவை என்று சத்தியம் செய்துகொண்டு தொடங்கினார். இப்போது இலக்கம் நிற்க மறுத்தது. 51.8, 52.3, 51.9 என்று ஊஞ்சல் ஆடியது. மின்விசிறிக் காற்று. விசிறியை நிறுத்தினார். கடற்காற்று யன்னலால் வந்தது. யன்னலையும் சாத்தினார். கராஜ் அடுப்பாகியது. குனிந்த நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை தராசுத் தட்டில் விழுந்தது. தராசு அதையும் விடாமல் 0.1 என்று கூட்டிக் காட்டியது.

"பாத்தியா ரெத்தினம்! என்ட வேர்வையையே நிறுத்திச்சு!" முனாபுக்குப் பெருமை தாங்கவில்லை. துடைத்ததும் இலக்கம் பழைய இடத்துக்கு வந்தது.

பச்சை போனது. முத்து போனது. வெள்ளை சொட்டுச் சொட்டாகப் போனது. கடைசியில் கறுப்பு. ஒரு குச்சி நுனியில் எடுத்து, மூச்சை அடக்கி, ஒரு சொட்டு. 99.7. இன்னொன்று. 99.9. இருவரும் மூச்சு விடவில்லை. குச்சியின் நுனி பேணி ஓரத்தில் தொட்டது.

100.0.

முனாப் அழகரெத்தினத்தைக் கட்டிப்பிடித்தார். சிறு அட்டையில் அடித்து, காயவிட்டு, வெயிலில் கொண்டுபோய் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். நேரே பார்த்தால் நீலம், சரிந்து பார்த்தால் பச்சை. அட்டை முடிந்த இடம் எது, தகடு தொடங்கிய இடம் எது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தகட்டைக் கழற்றித் தேய்த்து அடித்தார்கள். மேலே கிளியர் என்கிற பளபளப்புப் பூச்சு. திங்கட்கிழமை பகல் மினுக்கி, மாட்டி, சுவரோடு பழையபடி அணைத்து வைத்தார்கள். பெயின்ட் மணத்தைப் பற்றிக் கவலையில்லை. அந்த வளவில் பெயின்ட் மணக்காத நாள்தான் சந்தேகத்துக்குரிய நாள்.

பின்னேரம் லைலா வந்தாள். வந்த காலோடு ஸ்கூட்டியைத்தான் பார்த்தாள்.

"ஜும்ஆக்கு இதிலயாம் போனீங்க?"

முனாபுக்குத் தேத்தண்ணீர் புரையேறியது. "துறப்பக் காணல்ல... அதான்... புதுத் துறப்பு ஒண்டு வெட்டி எடுத்திட்டன்."

"பரவால்ல. கவனமாத்தானே ஓடினீங்க?"

"பின்ன! என்ட கையில ஒரு சாமான் கீறுமா?"

"அதுவும் சரிதான்," என்றாள் லைலா.

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மூவரும் கூடினார்கள். லைலா ஸ்கூட்டியை முற்றத்து வெயிலில் தள்ளி நிறுத்தி, டோர்ச் லைட்டையும் முனாபின் கையில் கொடுத்தாள்.

"நான் பாத்தா பக்கச்சார்பு எண்டுவீங்க. நீங்களே பாருங்க. உங்கட கண்ணுக்குத் தப்பாதே."

முனாப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் வந்ததும் குந்தியிருந்து பார்த்தார். நல்ல வெயில். அவருக்கே இடம் தெரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு வேலை அவர் செய்ததில்லை. உலகத்துக்கே கூவிச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஒருவரிடமும் சொல்ல முடியாதே என்று டோர்ச்சை அணைத்தார்.

"கீறல் இரிக்கா?"

"இல்ல."

"சத்தமாச் சொல்லுங்க. ரெத்தினம் அண்ணனுக்குக் கேக்கட்டும்."

"ஒரு கீறலும் இல்ல!"

"எனக்குக் கேட்டது தங்கச்சி," என்றார் அழகரெத்தினம், முகத்தைத் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் வைத்துக்கொண்டு.

"லைலா, பந்தயம் எண்டது மார்க்கத்தில..."

"இது பந்தயமில்ல. வாக்கு."

அந்த வெள்ளிக்கிழமை காலை முனாப் அடுப்படிக்குள் நுழைந்தார். தராசும் கூடவே வந்தது, பொலித்தீன் சுற்றி. தோற்றாலும் மானம் போகவில்லை என்ற தெம்பு அவருக்கு நிறைய இருந்தது. சோறாக்குவது என்ன பெரிய வித்தையா, பெயின்ட் கலப்பது போலத்தானே என்று போனில் ஒரு செய்முறையைத் திறந்துவைத்தார். அரிசி ஐந்நூறு கிராம். அரிசி வாளியைத் திறந்து கோப்பையை ஆழ விட்டு அள்ளி, தட்டில் கொட்டினார். அரிசியோடு சேர்ந்து 'டங்' என்று ஏதோ விழுந்தது.

மோட்டார் சைக்கிள் துறப்பு.

தராசு துறப்பையும் சேர்த்து நிறுத்துக் காட்டியது.

"லைலா! என்ட துறப்பு அரிசி வாளிக்குள்ள எப்படி வந்த?"

லைலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நான்தான் போட்டன். நீங்க அரிசி வாளிக்குள்ள கை வைக்கிற நாள் வரைக்கும் பத்திரமாக் கிடக்கும் எண்டு தெரியும்."

"ஏன் போட்ட?"

"துறப்பு இரிந்தா நீங்க ஸ்கூட்டிய எடுப்பீங்களா?"

முனாபின் தலைக்குள் எண்கள் ஆடி ஆடி ஒரு இடத்தில் வந்து நின்றன. "அப்ப... அந்தக் கீறல்..."

"புதன்கிழம மார்க்கட்டில ஒரு தள்ளுவண்டில் உரசிக் கீறிட்டுப் போன. வருசம் முடிய ஆறு நாள் இரிக்கக்குள்ள. எனக்கு அழுகையே வந்திட்டு."

"கேற்றில நான் உரசின சத்தம்?"

"அது கால் வைக்கிற றப்பர் கேற்றில படுற. கீறாது. ஒவ்வொரு நாளும் நான் கேக்கிற சத்தம்தான்."

"அப்ப தோத்தது நீ!" முனாப் அகப்பையைத் தூக்கினார். "வாக்கில தோத்தது நீதான்!"

"செவ்வாய்க்கிழம கீறல் இரிந்திச்சா?"

"இல்ல."

"ஆரு சொன்ன?"

"நான்தான்."

"ஆரு அழிச்ச?"

அகப்பை மெல்லக் கீழே இறங்கியது. "ரெத்தினத்துக்கு இது தெரியுமா?" என்று கேட்டார், பலவீனமாக.

"புதன்கிழமையே அவரிட்டத்தான் முதல்ல காட்டினன். மினுக்கினாப் போகுமா அண்ணன் எண்டு கேட்டன். 'இது மினுக்கிப் போகாது தங்கச்சி, இதுக்குக் காக்காட கைதான் வேணும்' எண்டு சொன்னாரு." லைலா கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "பொய் சொல்லல்ல. திங்கக்கிழம நீங்க தொழப் போனாப் பிறகு நான் தடவித் தடவிப் பாத்தன். கீறல் வாங்கினவள் நான். எந்த இடம் எண்டு எனக்கே தெரியல்ல. அப்படி ஒரு வடிவு. கம்பனிக்காரனும் இப்படி அடிச்சிரிக்க மாட்டான்."

கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்று முனாபுக்குத் தெரியும். ஆனால் ஐந்து நாளாக நெஞ்சுக்குள் அடைத்துக் கிடந்த பெருமைக்கு இப்போதுதான் கதவு திறந்திருந்தது. வாய் தானாகச் சிரித்தது.

"சரியா நூறு தசம் பூச்சியம்," என்றார். "கறுப்பு ஒண்டு தசம் ரெண்டுதான். ஒரு சொட்டுக் கூடினாலும் போச்சு. விசிறிய நிப்பாட்டி, யன்னலச் சாத்தி..."

பேசிக்கொண்டே சமைத்தார். அரிசி நிறுத்து, மிளகாய்த்தூள் நிறுத்து, தேங்காய்ப் பால் நிறுத்து, மீன் ஆணத்துக்கு உப்பு சரியாகப் பதினாலு தசம் பூச்சியம். ஜும்ஆ முடிந்து அவர் வந்ததும் இருவரும் சாப்பிட இருந்தார்கள். லைலா ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"மாஷா அல்லாஹ். உப்பு அச்சொட்டா இரிக்கி."

"சொன்னேனே," என்றார் முனாப், நெஞ்சை நிமிர்த்தி. "அளந்து செஞ்சா பிழைக்காது. எத்தின பேருக்கு எண்டாலும் ஒரே ருசிதான்."

"ஓம். அதான் வாற வெள்ளிக்கு றுக்ஸானா ஆக்களுக்குச் சொல்லிட்டன். அவட மாப்புள வீட்டு ஆக்களும் வாறாங்க. எல்லாமா இருபத்தேழு பேர்."

"இருபத்தேழா? லைலா, இந்தத் தராசு அஞ்சு கிலோவுக்கு மேல நிறுக்காது!"

"ரெண்டு தரம் நிறுங்க," என்றாள் லைலா.